பெற்றுக்கொண்டேன்

எங்கள் கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. வாசலில் கருங்கல் பலகை. ‘மகளிர் ஓய்வறை’ என்று செதுக்கி, அதன் கீழே மானியத்தின் பெயர், திறந்துவைத்தவரின் பெயர், தேதி. பலகை பளபளவென்று இருக்கும். கதவில் பூட்டு தொங்கும். நான்கு ஆண்டுகள் அந்த வழியாகத்தான் தமிழ்த் துறைக்கு நடந்தேன். பூட்டைப் பார்த்ததாகவே நினைவில்லை.

பார்க்க வைத்தவள் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி. அன்று இலக்கண வகுப்பு. பாதி வகுப்பில் எழுந்து வந்து என் காதருகே குனிந்து, வீட்டுக்குப் போகணும் மேம் என்றாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் ஊர் 30 கிலோமீட்டர் தள்ளி. காலை ஆறரை மணிப் பேருந்தில் ஏறுகிறவள், மாலை ஐந்தரைக்குத்தான் வீட்டு வாசலை மிதிப்பாள். நடுப்பகலில் அந்தப் பக்கம் பேருந்து கிடையாது. கல்லூரிக் கழிப்பறையில் ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, இன்னொன்றில் தண்ணீர் வராது. நாப்கினை எங்கே போடுவது என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரிந்த, யாரும் வாய்திறந்து கேட்காத கேள்வி.

“நூலகத்துக்குப் பின்னாடி பொம்பளப் புள்ளைங்களுக்குன்னு ஒரு ரூம் இருக்கே மேம். அத எப்பத் திறப்பாங்க?” என்று கேட்டாள்.

“கேட்டுச் சொல்றேன்மா” என்றேன். ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில்தான். ஆனால் அன்று மாலை உண்மையாகவே கேட்டேன். அலுவலகத்தில் இருந்தவர் கோப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: “அதுவா மேடம், அது ஸ்டோர் ரூம். பழைய விடைத்தாள், உடஞ்ச பெஞ்செல்லாம் கெடக்கு.”

“ஓய்வறைன்னு போட்டிருக்கே?”

“போட்டிருக்கும் மேடம். பேப்பர்ல ஓய்வறைதான்.”

இருவரும் சிரித்தோம். நானும் சிரித்தேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

*

என் அம்மா ஐந்தாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். ஆனால் எங்கள் வீட்டில் அவர் அளவுக்கு எழுதியவர்கள் யாருமில்லை. அப்பா தரும் மாதச் செலவுப் பணத்துக்கு ஒரு நாற்பது பக்க நோட்டு. புளி, மண்ணெண்ணெய், பால், பூ, பிள்ளைக்குப் பென்சில். இரவுச் சாப்பாடு முடிந்து ஈஸிசேரில் சாய்ந்ததும் அப்பா சொல்வார்: “கணக்கச் சொல்லு.” அம்மா சமையலறை நிலைப்படியில் நின்றுகொண்டே வாசிப்பார். ஒருநாள் 75 காசு இடித்தது. எதற்குச் செலவழித்தோம் என்று அம்மாவுக்கு நினைவுக்கு வரவில்லை. அப்பா திட்டவில்லை, கை ஓங்கவில்லை. “யோசிச்சுச் சொல்லு” என்று மட்டும் சொன்னார். அம்மா அன்று சாப்பிடாமல் யோசித்தார். விடிந்ததும், எனக்குக் கமர்கட் வாங்கியது நினைவுக்கு வந்து, தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிச் சொன்னார்.

அதே அப்பா எங்கள் தெருக் கோயில் திருப்பணிக் கமிட்டியில் இருந்தார். நான்கு தெருவிலும் வரி வசூலித்து மூன்று ஆண்டுகளாகியும் கோபுரத்துக்கு வெள்ளைகூட அடிக்கவில்லை. “பொருளாளரைக் கேக்கக் கூடாதா?” என்று அம்மா ஒருமுறை கேட்டார். “பெரிய மனுஷங்க. கணக்குக் கேட்டா நல்லா இருக்காது” என்றார் அப்பா.

கணக்குச் சொல்வது சிறியவர்களின் வேலை, கணக்குக் கேட்கப்படாமல் இருப்பது பெரிய மனிதர்களின் உரிமை என்ற பாடத்தை அந்த வீட்டில்தான் படித்தேன். அதை மறக்கவே இல்லை. இன்றும் என் மாணவிகள் அரசின் மாத உதவித்தொகையான 1,000 ரூபாய்க்கு ஆதார், வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றையும் நகல் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். ஓர் எழுத்து மாறியிருந்தால் திரும்பவும் அலைகிறார்கள். அவர்கள் பெயரைச் சொல்லி வாங்கப்பட்ட சில லட்சங்களுக்கு வரிசையில் நின்றவர் யாருமில்லை.

*

தமிழ் படித்தவளுக்கு இந்த இடத்தில் உத்திரமேரூர் நினைவுக்கு வராமல் போகாது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளில், கோயில் சுவரில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் அவை. குடவோலைத் தேர்தலைப் பற்றிப் பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். ‘ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஜனநாயகம்’ என்று மேடையில் முழங்கிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொள்கிறோம். அதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி குடவோலைக்கு நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது. பெரியம்மா மகன், அத்தை மகன், மாமன் என்று உறவுமுறைகளை வரிசையாகச் சொல்லிக் கதவை அடைத்திருக்கிறார்கள். கணக்கெழுதுகிறவருக்கும் ஒரு விதி உண்டு: தான் எழுதிய கணக்கைத் தானே வந்து காட்ட வேண்டும். வேறொருவரைக் கொண்டு முடிக்கக் கூடாது.

அந்தச் சபையில் நான் இருந்திருக்க முடியாது என்பதும் அதே கல்வெட்டில் இருக்கிறது. சொந்த நிலமும் அதில் வீடும் வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பிராமண ஆண்களின் சபை அது. என் பாட்டி அந்த ஊரில் இருந்திருந்தால் ஏரிக்கு மண் சுமந்திருப்பார், ஏரி வாரியக் கணக்கைக் கேட்டிருக்க மாட்டார். ஆனாலும் விதி நல்ல விதி. அதை எழுதியவர்கள் யாருக்காக எழுதினார்களோ, அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளலாம்.

*

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005இல் வந்தது. அதைப் பற்றிக் கல்லூரி விழாக்களில் பேச்சுப்போட்டி வைத்திருக்கிறேன், நடுவராக இருந்திருக்கிறேன். ஒரு மனுகூடப் போட்டதில்லை. “உனக்கு எதுக்கு இந்த வேலை? வேலைய விட்டுத் தூக்கிட்டா?” என்றார் கணவர். துறைத் தோழி, “மாணவி யாரையாவது போடச் சொல்லேன்” என்றாள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. உள்மதிப்பெண் எங்கள் கையில் இருக்கிறது. அவளை முன்னால் நிறுத்திவிட்டு நான் பின்னால் நிற்பது பூட்டைவிடப் பெரிய அநியாயம்.

இதை வாசிக்கும் மாணவிகளுக்காகச் சொல்கிறேன், இதில் கடினம் எதுவுமில்லை. வெள்ளைத்தாள் போதும். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்று விளித்து, என்ன ஆவணம் வேண்டும் என்று தெளிவாகக் கேட்க வேண்டும். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது, காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டத்தின் 6ஆம் பிரிவே சொல்கிறது. 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அதே அலுவலகத்தின் மேல் அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. அதற்கும் மேலே மாநிலத் தகவல் ஆணையம். அரசுக் கல்லூரிக்குத்தான் இது பொருந்தும், உதவி பெறும் கல்லூரிக்குப் பொருந்தாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசுப் பணத்தில் கணிசமாக நடக்கும் கல்லூரிகளும் கணக்குக் காட்ட வேண்டியவைதான் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. இன்னொன்று: நாம் கேட்பதற்கு முன்பே, நிதி ஒதுக்கீடும் செலவும் தானாக வெளியிடப்பட வேண்டும் என்பதுதான் 4ஆம் பிரிவு. பத்து ரூபாய் வில்லை ஒட்ட வேண்டிய தேவையே வந்திருக்கக் கூடாது.

மாதிரிப் படிவம் ஒன்றில் ‘நான் இந்தியக் குடிமகன்’ என்று இருந்தது. ‘மகன்’ என்பதை அடித்துவிட்டு ‘மகள்’ என்று எழுதினேன். விரிவுரையாளர் என்று எங்கும் குறிப்பிடவில்லை. வீட்டு முகவரி கொடுத்தேன். மூன்று ஆவணங்கள் கேட்டேன்: மானிய அனுமதி ஆணை, செலவுச் சீட்டுகளின் நகல், பயன்பாட்டுச் சான்றிதழ் இணைப்புகளுடன்.

30 நாள் போனது. பதில் இல்லை. இதற்கிடையில் என் முகவரி யாருடையது என்று அலுவலகத்துக்குத் தெரிந்துவிட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடப் போனால் பேச்சு நின்றுவிடும். மேல்முறையீடு செய்தேன். 52ஆம் நாள் பதிவுத் தபாலில் தடித்த உறை வந்தது. 23 பக்கம். கெடு தாண்டினால் நகலை இலவசமாகத் தர வேண்டும் என்பதால் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் கேட்கவில்லை.

சமையல் மேடையிலேயே வைத்துப் பிரித்தேன். ஒதுக்கிய தொகை 7,50,000 ரூபாய். பயன்பாட்டுச் சான்றிதழில் முதல்வரும் தணிக்கையாளரும் கையெழுத்திட்டிருந்தார்கள். எந்த நோக்கத்துக்காக மானியம் தரப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே செலவாகியிருக்கிறது என்று உறுதி கூறும் படிவம் அது. பின்னால் இணைப்புகள். 17ஆம் பக்கத்தில் பொருட்பட்டியல்: கட்டில் 6, மெத்தை 6, விரிப்பு 12, நிலைக்கண்ணாடி 1, நாப்கின் வழங்கும் இயந்திரம் 1, எரியூட்டி 1, வெந்நீர்க் கலன் 1. பட்டியலின் கீழே ஒரு வரி: ‘மேற்கண்ட பொருட்களை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்.’ அதற்குக் கீழே, ஒருங்கிணைப்பாளர், மகளிர் மையம்.

கையெழுத்து என்னுடையது.

குக்கர் மூன்று விசில் அடித்து நாலாவதும் அடித்தது. நான் அடுப்பை அணைக்கவில்லை.

*

தேதியைப் பார்த்ததும் மெல்ல நினைவுக்கு வந்தது. மார்ச் மாதக் கடைசி வாரம். மாதிரித் தேர்வு அறையில் கண்காணிப்பில் இருந்தேன். அலுவலக உதவியாளர் கோப்போடு வந்தார். “முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள போகணும் மேடம், இல்லன்னா பணம் லேப்ஸ் ஆயிடும்.” பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்த இடங்களிலெல்லாம் போட்டேன். ஏழோ எட்டோ. ஒரு மாணவி கூடுதல் விடைத்தாள் கேட்டுக் கை தூக்கியிருந்தாள், அவசரம். மகளிர் மையத்துக்கு ஒருங்கிணைப்பாளர் வேண்டும் என்றபோது, ‘நீங்க கவிதையெல்லாம் எழுதுறீங்க, பெண்ணியம் பேசுறீங்க’ என்று என்னைப் போட்டிருந்தார்கள். ஆண்டுக்கு ஒருமுறை மார்ச் 8 கோலப் போட்டி. மற்றபடி அந்தப் பதவிக்கு என்னிடமிருந்து தேவைப்பட்டது கையெழுத்துதான் என்பது அன்று புரியவில்லை.

பெண்களின் கையெழுத்து இப்படித்தான் கேட்கப்படுகிறது. ஊராட்சித் தலைவியின் கையெழுத்தைக் கணவர் வாங்கிச் செல்வது நமக்குக் கோபமூட்டுகிறது. முனைவர் பட்டம் வாங்கிய நான் யாருக்காகப் போட்டேன்? வாசிக்கத் தெரியாதவளின் கைநாட்டுக்காவது ஒரு காரணம் உண்டு. நான் ஒரு சொல்லுக்கு நான்கு உரையாசிரியர்கள் சொன்ன பொருளை ஒப்பிட்டு ஆய்வேடு எழுதியவள். ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒற்றைச் சொல்லை வாசிக்கவில்லை.

முதல்வரைப் பார்க்கப் போனேன். என்னைவிட ஒரு வயது மூத்த பெண் அவர். நான் எதிர்பார்த்த வில்லத்தனம் எதுவும் அவரிடம் இல்லை. “பணத்த யாரும் வீட்டுக்குக் கொண்டு போகலம்மா” என்றார். “அந்த வருஷம் நாக் கமிட்டி வந்தது. முகப்பு வளைவு, கேட், முன்னாடி தோட்டம் எல்லாம் பண்ண வேண்டியிருந்தது. வேற ஹெட்ல பணம் இல்ல. காலேஜுக்குத்தானே செலவாச்சு?”

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது. திருடன் ஒருவன் இருந்தால் அவனைக் காட்டிவிட்டு நாம் நல்லவர்களாகிவிடலாம். இங்கே ஒரு கல்லூரி முழுக்கச் சேர்ந்து, வருகிறவர்கள் பார்க்கும் வாசலுக்கும் பெண்கள் படுக்கும் அறைக்கும் இடையே, வாசலைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அந்த வளைவின் கீழே நின்று நாங்கள் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டோம். நானும் பட்டுச்சேலையில் இருக்கிறேன்.

இது எங்கள் கல்லூரியின் கதை மட்டுமல்ல. பெண் குழந்தைகளைக் காப்பதற்கும் படிக்க வைப்பதற்கும் என்று ஒன்றிய அரசு 2015இல் தொடங்கிய ‘பேட்டி பச்சாவோ பேட்டி படாவோ’ திட்டத்தை, மகளிருக்கு அதிகாரமளித்தலுக்கான நாடாளுமன்றக் குழு ஆராய்ந்தது. 2016 முதல் 2019 வரை விடுவிக்கப்பட்ட 446.72 கோடி ரூபாயில் 78.91 சதவீதம் ஊடகப் பிரச்சாரத்துக்கே செலவாகியிருந்ததை அந்தக் குழு 2021இல் தன் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. சுவரொட்டியில் சிரிக்கும் பெண் குழந்தைக்குப் பின்னால் பள்ளிக்குப் போக வேண்டிய பெண் குழந்தை ஒருத்தி இருக்கிறாள். நாடு அளவில் அவர்களுக்கு விளம்பரம், எங்கள் ஊர் அளவில் எங்களுக்கு வளைவு. 2005-06 முதல் ஒன்றிய நிதிநிலை அறிக்கையோடு பாலின நிதி அறிக்கையும் வருகிறது. பெண்களுக்கு எவ்வளவு ஒதுக்கினோம் என்று அது சொல்லும். ஒதுக்கியது எந்தக் கதவின் பின்னால் போய்ச் சேர்ந்தது என்பதை அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவள்தான் சொல்ல முடியும்.

*

என்ன செய்வதென்று தெரியாமல் இருந்த நாட்களில் அந்த மாணவி மறுபடி வந்தாள். கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருந்தேனே. 23 பக்கத்தையும் அவளிடம் காட்டினேன். என் கையெழுத்தையும் காட்டினேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. “எங்கம்மா குழுவுல தலைவி மேம். வாரா வாரம் கணக்க சத்தமா வாசிப்பாங்க. தப்பு இருந்தா யாராச்சும் சொல்லிருவாங்க. இதையும் வாசிச்சுருங்க மேம்” என்றாள்.

இதுதான் முறை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் தொடங்கிய மக்கள் விசாரணைகளில் செய்ததும் இதைத்தான். கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். செத்தவர்கள் கூலி வாங்கியிருந்தார்கள், ஊரிலேயே இல்லாதவர்கள் வேலை பார்த்திருந்தார்கள். அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான அருணா ராய் சென்னையில் பிறந்தவர். 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா இருந்தார்கள். அந்தப் போராட்டத்தில் இருந்த சுசிலா என்ற கிராமத்துப் பெண்ணிடம், நான்காவது படித்த உனக்கு எதற்குத் தகவல் என்று செய்தியாளர்கள் கேட்டார்களாம். மகனைப் பத்து ரூபாயோடு கடைக்கு அனுப்பினால் கணக்குக் கேட்கிறேன், என் பெயரில் கோடிகள் செலவழிக்கும் அரசிடம் கேட்க வேண்டாமா என்றாராம். எங்கள் வீட்டு நிலைப்படியில் நின்ற அம்மா இப்படித் திரும்பிக் கேட்டிருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

மகளிர் மையக் கூட்டத்தை வெள்ளிக்கிழமை மதியம் கூட்டினேன். அறுபது பெண்கள் வந்திருப்பார்கள். முதலில் 17ஆம் பக்கம். “கட்டில் ஆறு” என்று வாசித்து நிறுத்தினேன். முன்வரிசையில் ஒருத்தி, “இல்ல மேம்” என்றாள். “மெத்தை ஆறு.” “இல்ல.” “விரிப்பு பன்னிரண்டு.” இப்போது எல்லாரும். வெந்நீர்க் கலன் வந்தபோது சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வரிக்கு வந்தேன். “பெற்றுக்கொண்டேன்” என்று வாசித்தேன். கீழே இருக்கும் பெயரையும் வாசித்தேன். சிரிப்பு நின்றது. “நான் பார்க்காமல் போட்ட கையெழுத்து இது. நான் எதையும் பெற்றுக்கொள்ளவில்லை. நீங்களும் பெறவில்லை. இதை எழுத்தில் கொடுக்கப் போகிறேன்” என்றேன். என் குரல் நடுங்கியது. வாழ்க்கையில் எத்தனையோ கவியரங்குகளில் வாசித்திருக்கிறேன், ஒரு பட்டியலை வாசித்து நடுங்கியது அன்றுதான்.

எழுத்தில் கொடுத்தேன். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது, எனக்குத்தான். தவறான சான்று வழங்கியது ஏன் என்று கேட்டிருந்தார்கள். கேட்டது சரிதான், அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள். பார்க்காமல் கையெழுத்திட்டேன் என்று எழுதினேன். அதற்காகக் கண்டித்து என் பணிப்பதிவேட்டில் ஒரு வரி ஏறியிருக்கிறது. ஒருங்கிணைப்பாளர் பதவி போனது. சில சக ஆசிரியர்கள் இன்றும் பேசுவதில்லை. ‘கல்லூரி மானத்தை வாங்கிட்டீங்க’ என்றார் ஒருவர், வளைவைக் காட்டி.

எட்டு மாதம் கழித்து விடைத்தாள் மூட்டைகள் வெளியேறின. நான்கு கட்டில்கள் வந்தன, ஆறு அல்ல. எரியூட்டி வந்தது. வெந்நீர்க் கலன் வரவில்லை. மீதித் தொகைக்கு என்ன கணக்கு என்று இரண்டாவது மனு போட்டிருக்கிறேன், மேல்முறையீட்டில் இருக்கிறது. இதற்கிடையில் 2023இல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் கை வைத்திருக்கிறது. தனிநபர் தகவல் என்றால் மறுக்கலாம் என்பதற்கு முன்பிருந்த வரம்புகளை எடுத்துவிட்டார்கள். ஒரு சீட்டில் யார் கையெழுத்திட்டார் என்பதும் நாளை தனிநபர் தகவல் ஆகலாம். அப்படியானால் 17ஆம் பக்கம் எனக்கு வந்திருக்காது, நான் இன்னும் அந்தப் பூட்டைக் கடந்து நடந்துகொண்டிருப்பேன்.

அறையின் உட்சுவரில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. மாணவிகளே எழுதியது. என்ன வாங்கப்பட்டது, எவ்வளவு, எந்தத் தேதி, எது இன்னும் வரவில்லை. போன வாரம் போனபோது அந்த மாணவி இல்லை, படிப்பை முடித்துப் போய்விட்டாள். தாளின் ஓரத்தில் வேறு யாரோ பேனாவால் சேர்த்திருந்தார்கள்: ‘3ஆம் நம்பர் கட்டிலுக்குக் கால் ஆடுது. வாங்கி ஆறு மாசம்தான் ஆகுது. பில் எங்க?’